ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்

வணக்கம். பெங்களூரில் 4 ஆண்டுகளாக மருந்துச் சோதனைக் கண்காணிப்பாளராக இருக்கிறீர்கள். நிறுவனம் கைமாறியதும் ராஜினாமா செய்துவிட்டுப் புது நியமன ஆணை வாங்கச் சொல்கிறார்கள், சம்பளம் அதேதான், சம்மதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்கத் தொடர்ச்சியாக 5 ஆண்டுப் பணி வேண்டும்; ராஜினாமா அந்தக் கணக்கை அறுத்துவிடலாம். புது ஆணையில் நீங்கள் முதலில் சேர்ந்த தேதியும் பணித் தொடர்ச்சி உண்டு என்ற வரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மனிதவளத் துறையின் வாய்மொழி உறுதி நீர்மேல் எழுத்து, மின்னஞ்சலில் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு அதே யூஏஎன் (வேலை மாறினாலும் மாறாத உறுப்பினர் எண்) போதும்.

கண்காணிக்கச் சொல்லி உங்கள் தலையில் கட்டப்பட்ட கூடுதல் மருத்துவமனைகளைப் பழைய கண்காணிப்பு அறிக்கைகளும் தீராத குறைகளின் பட்டியலும் கைக்கு வந்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையேல் முன்பிருந்த கண்காணிப்பாளர் கவனிக்காமல் விட்ட, சோதனையில் பங்கேற்போரின் ஒப்புதல் படிவக் கோளாறுக்கும் தணிக்கையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.