வெயிலைவிடப் புழுக்கம் ஏன் வாட்டுகிறது?

கேள்வி: வறண்ட பகுதியில் 42 டிகிரி வெயிலையும் தாங்கியவன் நான். பணி மாற்றலாகித் துணைவெப்பமண்டலப் பகுதி ஒன்றுக்கு வந்திருக்கிறேன். இங்கே வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டுவது அரிது; ஆனால் மாதக்கணக்கில் நீளும் கோடையில் இரவுகூட உறங்க முடியவில்லை. ஏர் கூலர் வாங்கிய பிறகு புழுக்கம் கூடியதுபோல் தோன்றுகிறது. என் உடலில் ஏதேனும் கோளாறா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உடலைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை, ஏர் கூலரைச் சந்தேகித்தது மட்டும் சரி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் அதே வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டி, நீரிழப்பை மட்டுமே மிச்சம் வைக்கும். ஏர் கூலரோ நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் கருவி என்பதால், உங்கள் அறையில் அது ஈரத்தையே கூட்டுகிறது. தண்ணீர் ஊற்றாமல் வெறும் விசிறியாக ஓட்டிப் பாருங்கள்.

வானிலைக் குறிப்பில் ஈரப்பத விழுக்காட்டைவிடப் பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைக் கவனிப்பது நல்லது. 42 டிகிரியில் 15 விழுக்காடு ஈரப்பதம் என்றால் பனிநிலை சுமார் 10 டிகிரி. 32 டிகிரியில் 75 விழுக்காடு என்றால் சுமார் 27. அது 24 டிகிரியைத் தாண்டும் இரவுகளில் பெரும்பாலோருக்கு உறக்கம் கெடும்.

ஏசி வாங்குவதானால் அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய டன் அளவில் வாங்கிவிடாதீர்கள். அது விரைவில் குளிரூட்டிவிட்டுக் கம்ப்ரஸரை நிறுத்திக்கொள்வதால், ஈரம் வடியும் முன்பே அறை குளிர்ந்து, பிசுபிசுப்பு அப்படியே நிற்கும். (1902-ஆம் ஆண்டு வில்லிஸ் கேரியர் தமது முதல் ஏசியை வடிவமைத்ததே ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை.) 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓட்டினால் போதும். வெளிக்காற்று ஈரமாக உள்ள வரை, ஏசி ஓடும் அறையின் சன்னலை இரவிலும் திறக்க வேண்டாம்; ஈரத்துணிகளை அங்கே உலர்த்தவும் வேண்டாம். ஏசி இல்லாதவர்கள் சன்னல்களைத் திறந்து, விசிறிக் காற்று நேராக உடலில் படும்படி படுக்கலாம்.

உடல் இந்தப் புழுக்கத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை கடினமான வேலைகளை அதிகாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெப்பத் தாக்குதல் வந்தால் வியர்வை நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எப்போதும் அப்படி இல்லை. கடும் உழைப்பின்போது வரும் தாக்குதலில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம் என்பதால் அந்த அடையாளத்தை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. பேச்சுக் குழறல், மனக்குழப்பம், 40 டிகிரி செல்சியஸை எட்டும் உடல்வெப்பம் ஆகியவற்றைக் கண்டால் உடனே ஆம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது.