பதில்: வயித்தெரிச்சலும் விந்தணுக் குறைவும்

தம்பி, வண்டன்மேட்டு ஏலக்காய் ஸ்டோருல ராத்திரி உலர்த்துற வேலை, நாலு மாசமா இரைப்பை அழற்சி, விந்தணு மில்லிக்கு 11 மில்லியன், முன்னோக்கி நகர்றது 18%னு எழுதியிருக்கீங்க. மாதிரியை கம்பத்து வீட்டுலயே எடுத்து, பஸ்ஸுல தேனி லேபுக்குக் கொண்டு போயிருக்கீங்க. அந்த 18-ஐ நம்பாதீங்க. ஒரு மணி நேரம் தாண்டினா அசைவு விழுந்துடும். அடுத்த தடவை லேபுலயே எடுங்க. 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாம இருந்துட்டுப் போங்க.

எண்ணிக்கை வேற கதை, அது பஸ்ஸால குறையாது. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கீழ்வரம்பு மில்லிக்கு 16 மில்லியன். தூக்கம் கெட்டு, கார்ட்டிசோல்ங்கிற மன அழுத்த ஹார்மோன் ஏறியே கிடந்தா, மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி விடுற எல்எச் (விதைப்பையைத் தூண்டுற ஹார்மோன்) குறையும், கூடவே ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனும். உங்களுக்கு அடுப்புச் சூடு வேற, அதுவும் விந்தணுவைக் குறைக்கும்! விந்தணு உருவாக 74 நாள் பக்கம் ஆகும். ஷிஃப்ட் மாத்தினாலும் பலன் மூணு மாசம் கழிச்சுத்தான் ரிப்போர்ட்ல தெரியும். காலை 8 மணி கார்ட்டிசோல் டெஸ்ட், ராத்திரி முழிக்கிறவருக்குக் குழப்பம்தான், அது ஏறி இறங்குற நேரமே மாறியிருக்கும்.

வயித்துக்கு, இரைப்பை அழற்சியைக் கொண்டுவர்ற ஹெச். பைலோரி கிருமிக்கான மலப் பரிசோதனை பண்ணுங்க. அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரையை முழுங்கிக்கிட்டே பண்ணினா கிருமி இருந்தும் இல்லைன்னு வரலாம். டாக்டரைக் கேட்டு 2 வாரம் நிறுத்திட்டுப் பண்ணணும். சிமெட்டிடின்ங்கிற இன்னொரு அமில மாத்திரை எழுதியிருந்தா மாத்தச் சொல்லுங்க, அது ஆண் ஹார்மோனைத் தடுக்கும். மலம் தார் மாதிரி கறுத்தா எதுக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.