கேமிங் லேப்டாப்பா, சாதாரண லேப்டாப்பா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் பொறியியல் முதலாண்டில் சேரப் போகிறாள். கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறாள். கடைக்காரரும் பொறியியலுக்கு அதுதான் சரி என்கிறார். பாதி விலையில் சாதாரண லேப்டாப் கிடைக்கிறது. விளையாட்டிலேயே மூழ்கிவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மகள் விளையாடுவாளா என்பதை அவளோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். திறன் குறைந்த கணினியை வாங்கிக் கொடுத்து ஒருவரை ஒழுங்குபடுத்த முடியாது. விளையாட நினைப்பவருக்குக் கைபேசியே போதும்.

படிப்புக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு (கேமிங் லேப்டாப்பில் இருக்கும், திரைக்கான படங்களை உருவாக்கும் தனிப் பாகம்) தேவையா என்பதற்கு விடை, அவள் சேரும் துறையில் இருக்கிறது. நிரல் எழுதுவதற்கும், அறிக்கைகளைத் தட்டச்சு செய்வதற்கும், இருபரிமாண வரைபடங்கள் போடுவதற்கும் அது தேவையில்லை; நல்ல பிராசசர், 16 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகள் தங்கும் சேமிப்பகம்) இருந்தால் நான்காண்டுகள் நிம்மதியாக ஓடும். முப்பரிமாண மாதிரிகளை ஒளி நிழலோடு உருவாக்கிக் காட்ட வேண்டிய படிப்பு, காணொளித் தொகுப்பு, சொந்தக் கணினியிலேயே இயந்திரக் கற்றல் மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் வேலை ஆகியவற்றுக்குத்தான் அந்தக் கார்டு உண்மையாகவே கைகொடுக்கும். ஆகவே கடைக்காரரிடம் கேட்பதை விட்டுவிட்டு, அந்தத் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் எந்தெந்த மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

எடையையும் எண்ணிப் பாருங்கள். கேமிங் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை 2.3 கிலோவுக்கு மேல் இருக்கும்; 200 வாட்டைத் தாண்டும் சார்ஜரையும் பையில் வைத்தால் 3 கிலோவை எட்டிவிடும். அதைத் தினமும் தோளில் சுமக்கப் போகிறவள் உங்கள் மகள். முடிவெடுக்கும் முன் கடையில் அந்த இரண்டையும் ஒரு பையில் போட்டுத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மின்னஞ்சல், படம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. கேமிங் லேப்டாப் அதிகக் காலம் உழைக்குமாமே, அதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதிக வெப்பத்தைக் கையாளும் கணினி அதிகக் காலம் உழைக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கேள்வி: இணையத்தில் '1.1 டிபி சேமிப்பகம்' என்று போட்டிருந்த ஒரு மலிவு விலை லேப்டாப்பை என் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து வாங்கினேன். வந்த பிறகு பார்த்தால் 128 ஜிபிதான் இருக்கிறது. கேட்டால், மீதி 'கிளவுடில்' இருக்கிறது என்கிறார்கள். நான் சரியாகப் படிக்காதது தவறா?

பதில்: உங்கள் தவறு எதுவும் இல்லை. கணினிக்குள் இருக்கும் 128 ஜிபியையும், ஓராண்டுச் சந்தாவாகத் தரப்படும் 1 டிபி இணையச் சேமிப்பையும் கூட்டி ஒரே எண்ணாகத் தலைப்பில் போடுவது, வாங்குபவரின் கண்ணை மறைப்பதற்காகவே செய்யப்படும் கூட்டல். ஓராண்டு முடிந்ததும் பணம் கட்டாவிட்டால் கைவிட்டுப் போகும் ஒன்றைக் கணினியின் சேமிப்பகம் என்று எழுதுவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

அந்த விற்பனைப் பக்கத்தை, தலைப்பு தெளிவாகத் தெரியும்படி, இப்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை அதை மாற்றிவிடக்கூடும். கணினி காட்டும் சேமிப்பக அளவையும் படமெடுங்கள். பிறகு தொலைபேசியில் பேசிக்கொண்டிராமல் எழுத்தில் புகார் கொடுங்கள்: 'விவரிப்பில் உள்ள பொருளும் வந்த பொருளும் ஒன்றல்ல, முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்' என்ற இரண்டு வரி போதும். தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றால் ஏற்காதீர்கள். மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுங்கள்.

இந்த வலி எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்காக 32 ஜிபி சேமிப்பகம் மட்டுமே கொண்ட ஒரு மலிவான மடிக்கணினியை வாங்கினேன். பெரிய விண்டோஸ் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் இடம் போதவில்லை என்ற அறிவிப்பு திரையில் வந்து நிற்கும். அவர் தாமே ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து, பேரக்குழந்தைகளின் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். அப்படங்கள் திரும்பவில்லை. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு 64 ஜிபி. அது உள்ளே நுழைவதற்கான அளவு மட்டுமே, வாழ்வதற்கான அளவன்று. 256 ஜிபிக்குக் குறைவாக யாரும் வாங்க வேண்டாம் என்று நான் விடாமல் எழுதுவது இதனால்தான்.

கேள்வி: இரண்டு கேமிங் லேப்டாப்களிலும் ஆர்டிஎக்ஸ் 4060 என்றே இருக்கிறது. ஒன்று மெலிதாக அழகாக இருக்கிறது, விலையும் கூடுதல். மற்றது தடிமனாக இருக்கிறது. கார்டு ஒன்றுதானே, அழகானதை எடுக்கலாமா?

பதில்: பெயர்தான் ஒன்று. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேமிங் மடிக்கணினி வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுவே.

மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் இயக்கலாம் என்பதைக் கணினித் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ள, கார்டை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் இடமளித்திருக்கிறது. பிராசசர் பயன்படுத்தாத மின்சாரத்தைக் கார்டுக்குத் திருப்பிவிடும் வசதியுள்ள கணினிகளில் இது 140 வாட் வரையிலும் போகும். ஒரு கார்டு எவ்வளவு வேலை செய்யும் என்பது அதற்குக் கிடைக்கும் மின்சாரத்தையும், அதனால் பிறக்கும் வெப்பத்தைப் பெட்டி எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதையும் பொறுத்தது. எனவே மெல்லிய பெட்டிக்குள் மூச்சுத் திணறும் 4060-ஐ, அதற்கு ஒரு படி கீழான, தடித்த பெட்டிக்குள் முழு மின்சாரம் பெறும் 4050 முந்திவிட முடியும். பெயரைப் பார்த்துப் பணம் கொடுத்தவர் ஒரு படி மேலே வாங்கியதாக நம்பிக்கொண்டு, ஒரு படி கீழே இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்.

முன்பு ஓரளவு தெளிவு இருந்தது. 2017-இல் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கார்டுகளுக்கு 'மேக்ஸ்-கியூ' என்ற ஒட்டுப்பெயர் வந்தது. அதைப் பார்த்தவுடன் வேகம் குறைவு என்று தெரிந்துகொள்ளலாம். 2021-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகள் வந்தபோது கார்டின் பெயரிலிருந்து அந்த அடையாளம் நீங்கியது. இப்போது வாட் அளவைத் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மேசைக் கணினிக் கார்டின் பெயரையே மடிக்கணினிக் கார்டுக்கும் சூட்டுவது இன்னொரு குழப்பம்: 4070 என்ற பெயரில் மேசைக் கணினியில் 12 ஜிபி நினைவகமும் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகமும் கிடைக்கின்றன. அரிசி மூட்டையில் எடையைப் போடாமல் விற்றால் யாராவது வாங்குவார்களா? கார்டின் வாட் அளவைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று வாங்குபவர்கள் எல்லோரும் கேட்டாலொழிய இது மாறாது.

நானும் இதில் பணத்தை இழந்தவன். மெலிதான, உலோக உடல் கொண்ட ஒரு கணினியைக் கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினேன். ஒரு மாலை, நண்பரின் பழைய, தடித்த கணினியையும் என்னுடையதையும் ஒரே மேசையில் வைத்து, பன்னிரண்டு நிமிடக் காணொளி ஒன்றை இரண்டிலும் ஏற்றுமதி செய்யவிட்டோம். முதல் இரண்டு நிமிடங்கள் என்னுடையது முன்னே ஓடியது. பிறகு மின்விசிறி இரைந்தது. கார்டின் வேகத்தைக் காட்டும் எண் படிப்படியாக இறங்கியது. விசைப்பலகையின் நடுவில் விரலை ஊன்ற முடியாத அளவுக்குச் சூடேறியது. நண்பரின் கணினி நான்கு நிமிடங்கள் முன்னதாக வேலையை முடித்தது. அதன் விலை என்னுடையதில் பாதிக்குச் சற்றே அதிகம்.

ஆகவே இரண்டு கணினிகளின் பெயரையும் மாதிரி எண்ணோடு எழுதிக்கொண்டு போய், தயாரிப்பாளரின் பக்கத்தில் கார்டின் அதிகபட்ச வாட் அளவைப் பாருங்கள். அது எங்கும் எழுதப்படவில்லை என்றால் அந்தக் கணினியை வாங்காதீர்கள்.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் கேமிங் லேப்டாப் வாங்கினேன். பேட்டரி இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை, மின்விசிறி சத்தம் தாங்க முடியவில்லை, மெத்தையில் வைத்தால் கொதிக்கிறது. விளையாடுவது இல்லை. திருப்பித் தர முடியுமா?

பதில்: முடியாது. விளையாடாத நீங்கள் இதை ஏன் வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் விடையே இல்லை. எட்டு மாதங்களுக்கு முன் ஐந்து நிமிடங்கள் செலவிட்டு ஒருவரைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவை இருந்திருக்காது.

இனிச் செய்யக்கூடியது உண்டு. மெத்தையில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். காற்று உள்ளே போகும் துளைகள் அடிப்பகுதியில் இருக்கின்றன, போர்வை அவற்றை அடைத்துவிடுகிறது. கணினியோடு வந்த கட்டுப்பாட்டுச் செயலியில் அமைதியான இயக்க முறையைத் தேர்ந்தெடுங்கள். தனிக் கார்டு எப்போதும் இயங்கும்படி வைத்திருந்தால், தேவைப்படும்போது மட்டும் அது விழிக்கும்படி மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பித்து) ஓடும் திரையை 60-க்கு இறக்குங்கள். பேட்டரி நேரம் கணிசமாகக் கூடும்.

கேள்வி: பட்ஜெட் லேப்டாப் ஒன்றில் ரைசன் 5 7520யு என்று இருக்கிறது. இன்னொன்றில் 7530யு. பத்து எண்தானே வித்தியாசம்?

பதில்: அந்தப் பத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் இந்தப் பிராசசர் வரிசையில் மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் குறிக்கிறது. 7520-இல் இருப்பது ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு, நான்கு கோர்கள் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் கணிப்பு அலகுகள்). 7530-இல் இருப்பது ஜென் 3, ஆறு கோர்கள். முதலில் நிற்கும் 7 என்ற இலக்கம் விற்பனை ஆண்டை மட்டுமே சொல்லும். மேலும் 7520யு உள்ள கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இரண்டாவதை எடுங்கள்.

கேள்வி: ஒரே விலையில் பழைய கேமிங் லேப்டாப், புதிய சாதாரண லேப்டாப் இரண்டும் கிடைக்கின்றன. எது?

பதில்: புதியது. பழையதுதான் வேண்டும் என்றால், விண்டோஸின் பேட்டரி அறிக்கையை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லி, ஆரம்பக் கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஓராண்டாகச் சேமித்த பணத்தில் கேமிங் லேப்டாப் வாங்க ஆசை. வேலைக்கு அது தேவையில்லை; இரவில் என் தம்பியோடு விளையாடத்தான். வீட்டில் எல்லோரும் வீண் செலவு என்கிறார்கள். தவறா?

பதில்: தவறே இல்லை, தம்பி. எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து, கடன் இல்லாமல், தன் உழைப்பில் வாங்குகிறவரை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இவ்வளவு தெளிவானவை அரிது.

ஒரே இடத்தில் வைத்து விளையாடப் போவதால் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தடித்த பெட்டியே உங்களுக்கு நல்லது. கார்டில் 8 ஜிபி நினைவகம் இருக்கட்டும். 16 ஜிபி ரேம் ஒரே துண்டாக இல்லாமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக இருந்தால் விளையாட்டு இன்னும் சீராக ஓடும். திரை விவரத்தில் 45 விழுக்காடு என்டிஎஸ்சி (திரை காட்டக்கூடிய நிறங்களின் அளவு) என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள். நிறங்கள் வெளிறித் தெரியும். சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள், ஏனென்றால் முழு வேகத்துக்கு வேண்டிய மின்சாரத்தைப் பேட்டரியால் கொடுக்க முடியாது.

கணினி வந்த அன்றே, நீங்கள் விளையாடப் போகும் கனமான விளையாட்டை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். தானாக அணைந்தாலோ, படம் கிழிந்து தெரிந்தாலோ, கீல் பக்கம் பிளாஸ்டிக் விரிந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் எழுதுங்கள். திருப்பித் தரும் காலக்கெடு முடியும்வரை பெட்டியையும் உள்ளே இருக்கும் அட்டைகளையும் தூக்கிப் போடாதீர்கள்.