வாசகர் கேள்வி – பதில்: ரோமின் தென்புறம்

கேள்வி: அடுத்த மாதம் ரோம் நகரில் ஐந்து நாட்கள் தங்கவிருக்கிறோம். கொலோசியம், வத்திக்கான், ட்ரெவி நீரூற்று ஆகியவற்றுக்கு மூன்று நாட்களை ஒதுக்கிவிட்டோம். எஞ்சிய இரண்டு நாட்களில் கூட்டத்திலிருந்து விலகி நகரை அறிந்துகொள்ள எங்கே செல்லலாம்?

பதில்: ஒரு நாளை முழுவதுமாகத் தென்புறத்துக்கு ஒதுக்குங்கள். பேரரசர்களும் போப்பாண்டவர்களும் எழுப்பியவற்றைக் கண்ட பிறகு, அந்த நகருக்கு உணவும் வெளிச்சமும் தந்த மக்கள் உழைத்த இடங்களையும் பார்த்தால்தான் ரோமைப் பார்த்ததாகும் என்று உறுதியாக நம்புகிறேன். மெட்ரோவின் பி தடத்தில் பிராமிதே நிலையத்தில் இறங்கினால், நிலையத்துக்கு எதிரிலேயே கெஸ்டியுஸ் என்பவரின் கல்லறையான பிரமிடு நிற்கும், கி.மு. முதல் நூற்றாண்டில் 330 நாட்களில் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டே கூறுகிறது. அதை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் துயில்கிறார்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் தெஸ்தாச்சோ குன்று. புல் மூடிய இயற்கைக் குன்றாகத் தோன்றும் இது, ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்துக்கு உடைந்த மண்சாடிகளால் மட்டுமே ஆனது. ரோமப் பேரரசுக் காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் நிரப்பி வந்த ஆம்போரா சாடிகள் அவை. சாடியின் சுவருக்குள் ஊறிய எண்ணெய் கெட்டு நாற்றமெடுத்ததால் மறுபடி பயன்படுத்த முடியாமல், ஆற்றுத் துறைமுகத்துக்கு அருகிலேயே அவற்றை உடைத்து, ஒழுங்காக அடுக்கி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். இங்கே 5 கோடிக்கும் மேற்பட்ட சாடிகளின் ஓடுகள் கிடக்கின்றன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. எண்ணெயின் எடையும் வணிகரின் பெயரும் ஆண்டும் மையால் எழுதப்பட்ட ஓடுகள் பல கிடைத்திருப்பதால், குப்பைமேடான இதுவே பேரரசின் மிக நேர்மையான கணக்கேடாகவும் இருக்கிறது. குன்றின்மேல் ஏற முன்அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், அடிவாரத்தைக் குடைந்து அமைத்த சில உணவகங்களின் பின்சுவரில் கண்ணாடி வழியே அந்த அடுக்குகளைக் காணலாம்.

எதிரில் உள்ள பழைய இறைச்சிக்கூடம் 1975இல் மூடப்பட்டு, இப்போது கலைக்கூடமாகவும் பல்கலைக்கழக வளாகமாகவும் இயங்குகிறது. அங்கே உழைத்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக வாலும் குடலும் கொடுக்கப்பட்டன. இன்று அப்பகுதி உணவகங்கள் பெருமையுடன் பரிமாறும் மாட்டுவால் குழம்பு அவர்கள் வீட்டு அடுப்பில் பிறந்ததுதான்.

பிற்பகலில் ஒஸ்தியென்சே சாலையில் உள்ள மொந்தேமார்தீனி மின்நிலையத்துக்குச் செல்லுங்கள். 1912இல் தொடங்கிய, நகரின் முதல் பொது மின்நிலையமான இதனுள், காப்பிதோலின் அருங்காட்சியகத்தின் பளிங்குச் சிலைகள் 1997இல் கொண்டுவரப்பட்டுக் கரிய டீசல் இயந்திரங்களின் நடுவே நிறுத்தப்பட்டன. தெய்வங்களையும் இயந்திரங்களையும் ஒரே வெளிச்சத்தில் பார்க்கும் அந்தக் கூடத்தில் நான் வேறெங்கும் உணராத அமைதியை உணர்ந்தேன். திங்கட்கிழமை விடுமுறை. மாலையில், 1920இல் தொழிலாளர் குடியிருப்பாகத் தொடங்கப்பட்ட கார்பதெல்லாவின் தெருக்களில் நடக்கலாம். துணி உலரும் பொது முற்றங்கள் மக்கள் வாழும் வீடுகளைச் சேர்ந்தவை என்பதால், படம் எடுப்பதில் நிதானம் தேவை.

இரண்டாம் நாள் காலையில் மெட்ரோவின் ஏ தடத்தில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கி, நீர்வழிப் பூங்காவுக்கு நடந்து செல்லுங்கள். கி.பி. 38இல் தொடங்கி 52இல் முடிக்கப்பட்ட கிளாடியா கால்வாய், ஏறத்தாழ 69 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எந்த விசையும் இன்றிச் சரிவை மட்டுமே நம்பி நீரைக் கொண்டுவந்தது. அதைத் தாங்கிய உயர்ந்த வளைவுகள் புல்வெளியின் குறுக்கே வரிசையாக நிற்கின்றன. கையில் காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ‘நாசோனி’ எனப்படும் இரும்புக் குடிநீர்க் குழாய்கள் 1874 முதல் நகரெங்கும் இலவசமாக நீர் தருகின்றன. குழாய்முனையை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளை வழியே நீர் வாய்க்கு எட்டும்படி எழும்பும்.