பிக்கப் வண்டிக்கு ஏ.டி. டயரா, எம்.டி. டயரா?

ஏ.டி. என்பது தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான டயர், எம்.டி. சேற்றுக்கென்றே செய்தது. வித்தியாசம் ரப்பர் கட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் இருக்கிறது. எம்.டி.யில் அது அகலம். சக்கரம் சுழலச் சுழல சேறு தெறித்து விழுந்துவிடும், கட்டைகள் மறுபடி மண்ணைக் கவ்வும். பள்ளம் குறுகலானால் சேறு அடைத்துக்கொள்ளும். களிமண் அப்பிய செருப்பு மாதிரி வழுக்கும். ஆனால் எம்.டி. தார்ச்சாலையில் இரைச்சல் போடும், மழையீரத்தில் பிடிப்பும் குறையும். பெரும்பாலும் சாலை ஓட்டமென்றால் ஏ.டி.யே சரி.

பாரம் ஏற்றுபவர்கள் பக்கச்சுவரிலுள்ள பார எண்ணைக் கட்டாயம் பாருங்கள்: 121 என்றால் ஒரு டயர் 1,450 கிலோ வரை தாங்கும். வண்டிக்குக் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

'எம்+எஸ்' (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) முத்திரை இருந்தால் சேற்று டயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது சாதாரண ஏ.டி.யிலும் இருக்கும்.