கல்யாணக் கேசட்டுக்கு எந்தக் கிளாக் வாங்குவது?

கேள்வி: சோமனூரில் விசைத்தறி மின்னணுப் பலகைகளைப் பழுது பார்க்கும் தொழில் செய்கிறேன். எங்கள் குடும்பத்துத் திருமணங்களின் பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி வருகிறேன். கேசட் பிளேயரின் ஹெட் தரும் சிக்னலை, கோனெக்ஸன்ட் சில்லுள்ள இரண்டு பழைய டி.வி. டியூனர் கார்டுகளில் நேரடியாகப் பதிகிறேன். ஒன்றில் படமும் மற்றொன்றில் ஹை-ஃபை ஒலியும் பதிவாகின்றன. சாதாரண ஒலித்தடத்தைத் தனியே ஓர் ஒலிப் பலகை பதிகிறது. தொடக்கத்தில் பொருந்தி வரும் ஒலி, மங்கல வாழ்த்து பாடும் இடத்துக்கு வரும்போது வாயசைவை விட்டு விலகிவிடுகிறது. மூன்றுக்கும் ஒரே கிளாக், அதாவது பதிவின் வேகத்தை நிர்ணயிக்கும் மின்துடிப்பு, கொடுக்க ஹேக்ஆர்எஃப் போன்ற எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) கருவியை வாங்கச் சொல்கிறார் நண்பர். அது பல ஆயிரம் ரூபாய் ஆகும். வாங்கலாமா?

பதில்: இந்த வேலைக்கு மட்டும் என்றால் வாங்க வேண்டாம். உங்கள் நண்பர் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார், மருந்துதான் தேவைக்கு மீறியது.

ஒலி விலகுவதற்குக் காரணம், ஒவ்வொரு கார்டும் கிளாக் துடிப்பை உண்டாக்கும் தன் சொந்தக் கிரிஸ்டலைக் கொண்டு ஓடுவதுதான். சாதாரணக் கிரிஸ்டல் ஒன்று பத்து லட்சத்தில் 20 பங்கு வரை கூடவோ குறையவோ ஓடலாம். ஒன்று 20 பங்கு வேகமாகவும் மற்றொன்று 20 பங்கு மெதுவாகவும் ஓடினால் வேறுபாடு 40 பங்கு. மூன்று மணி நேரக் கேசட்டில் 10,800 விநாடிகள் இருப்பதால், முடிவில் ஏறக்குறைய 0.43 விநாடி விலகல் வந்துவிடும். இதைப் பின்னர் மென்பொருளில் இழுத்துச் சரிசெய்யலாம் என்பார்கள். ஆனால் கணினிப் பெட்டி சூடேறச் சூடேறக் கிரிஸ்டலும் நகர்வதால், சித்திரை வெயிலில் அந்த விலகல் ஒரே சீராக இருப்பதில்லை. மூன்றுக்கும் ஒரே மூலத்திலிருந்து கிளாக் கொடுத்துவிட்டால், அந்த மூலம் சற்றே தவறாக ஓடினாலும் மூன்றும் சேர்ந்தே தவறுவதால் ஒலியும் படமும் பிரிவதில்லை.

அடுத்தது ஜிட்டர். உங்களுக்குத் தறி தெரியும் என்பதால் அதைக் கொண்டே சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் விழ வேண்டிய ஊடை இழைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும், ஒவ்வோர் இழைக்கும் அடுத்த இழைக்கும் உள்ள இடைவெளி சீராக இல்லையென்றால் துணியில் கோடு தெரியும் அல்லவா? எண்ணிக்கை சரியாக இருப்பது அதிர்வெண் துல்லியம். இடைவெளி சீராக இருப்பது ஜிட்டர் குறைவாக இருப்பது. இவை இரண்டும் வெவ்வேறு குணங்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எந்தக் கிளாக் கருவியையும் விலை பேச வேண்டும். ஏனென்றால் விளம்பரங்களில் முதல் குணத்தை மட்டும் பெரிதாகப் போட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் விடுவது வழக்கமாக இருக்கிறது.

இப்போது ஹேக்ஆர்எஃப் ஒன் கருவிக்கு வருவோம். அதன் பின்புறத்திலுள்ள கிளாக் வெளியீடு 10 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே தரும். வேறு அதிர்வெண் வேண்டுமென்றால் ஆன்டெனா முனையிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே கிடைப்பது கார்டு எதிர்பார்க்கும் சதுர அலை அல்ல, சைன் அலை. அதைக் கம்பாரேட்டரில் கொடுத்துச் சதுரமாக்கும்போது, அலையில் ஏறியிருக்கும் இரைச்சல் முழுவதும் ஜிட்டராக மாறுகிறது. 1 வோல்ட் உச்சமுள்ள 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தாலே 16 பிக்கோ விநாடி ஜிட்டர் சேர்ந்துவிடும். சதுர அலையையே மென்பொருளில் வரைந்து அனுப்பலாமே என்று தோன்றும். அந்தக் கருவி விநாடிக்கு 2 கோடி மாதிரிகள் (அலையின் அளவுப் புள்ளிகள்) வரைதான் எடுக்கும் என்பதால் விளிம்பு ஒவ்வொன்றும் 50 நானோ விநாடிப் படிகளில்தான் நகர முடியும்; கேட்ட அதிர்வெண் அந்தப் படிகளில் சமமாக அடங்காவிட்டால் விளிம்புகள் முன்னும் பின்னும் தாவும். யூ.எஸ்.பி.-யில் தரவு ஒரு கணம் தடைபட்டாலும் கிளாக்கே நின்று போகும். யூ.எஸ்.பி. 3.0-வில் இயங்கும், கணினித் திரையை இணைக்கும் மலிவான வி.ஜி.ஏ. மாற்றியை, அதில் எஃப்.எல். 2000 சில்லு இருந்தால், ஓஸ்மோ-எஃப்.எல்.2கே மென்பொருள் கொண்டு சிக்னல் ஜெனரேட்டராக ஓட்டும் வழி 2018-இல் வெளிவந்தது. கற்றுக்கொள்ள அருமையான வழி அது. ஆனால் இதே படிச் சிக்கலும் யூ.எஸ்.பி. சிக்கலும் அதற்கும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹேக்ஆர்எஃப் ஒன் கருவியின் உள்ளே அதற்கே கிளாக் உண்டாக்கித் தருவது எஸ்.ஐ. 5351 சி என்ற சிறு சில்லு. அதன் உடன்பிறப்பான எஸ்.ஐ. 5351 ஏ, 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுடன் சிறிய பலகையாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீங்கள் தேடும் பொருள் அதுதான். அதில் மூன்று வெளியீடுகள், இரண்டு பி.எல்.எல்.-கள் (கிரிஸ்டலின் அதிர்வெண்ணைப் பெருக்கும் சுற்றுகள்), உங்கள் தேவைக்கு அளந்து செய்தது போலப் பொருந்துகிறது.

அதை அமைக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் முழு எண்களாக, அதிலும் வகுக்கும் எண் இரட்டைப்படையாக, இருக்கும்போது இந்தச் சில்லின் ஜிட்டர் மிகக் குறைவாக இருக்கும். முதல் பி.எல்.எல்.-லை 32 மடங்காக்கி 800 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி 20-ஆல் வகுத்தால் 40 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அதை இரண்டு கார்டுகளுக்கும் கொடுங்கள். கார்டில் இயல்பாக உள்ளது 28.636 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றாலும் 40-இல் ஓட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டாவது பி.எல்.எல்.-லை 24 மடங்காக்கி 600-இல் நிறுத்தி 50-ஆல் வகுத்தால் 12 மெகாஹெர்ட்ஸ் வரும். ஒலிப் பலகை வெளிக் கிளாக்கை ஏற்று அதை 256-ஆல் வகுக்கும் வகையாக இருந்தால், ஒலி விநாடிக்கு 46,875 மாதிரிகளாகப் பதிவாகும்.

இவ்வளவு மலிவான சில்லின் ஜிட்டர் போதுமா என்ற ஐயம் நியாயமானது. தயாரிப்பாளரின் தரவுத்தாள் 70 பிக்கோ விநாடிக்கும் குறைவு என்கிறது. முழு 70 என்றே மோசமாக வைத்துக்கொண்டாலும், 5 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கும் வி.எச்.எஸ். பட சிக்னலில் அந்த ஜிட்டர் உண்டாக்கும் இரைச்சல் சிக்னலைவிடத் தோராயமாக 53 டெசிபெல் கீழேதான் இருக்கும். உங்கள் கார்டோ 8 பிட் கார்டு. அதன் எல்லையே 50 டெசிபெல். ஆகவே இதைவிடச் சுத்தமான கிளாக்குக்குக் கொடுக்கும் பணம் படத்தில் தெரியப் போவதில்லை.

தறி மோட்டார்கள் ஓடும் அதே மின் இணைப்பிலிருந்து மலிவான சார்ஜர் மூலம் பலகைக்கு மின்சாரம் தர வேண்டாம். இரைச்சல் குறைந்த 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றைத் தனியே வையுங்கள். கோஆக்சியல் கம்பியை முடிந்தவரை குட்டையாக வைத்து, கார்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டரும், சில்லு தாங்கும் அளவுக்கு வோல்ட்டைக் குறைக்க ரெசிஸ்டர்களும் போடுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் படிக்கும் மாணவன் நான். ஜி.பி.எஸ். மாட்யூல் ஒன்று வாங்கி 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தேன். கவுன்டரில் எண் மிகச் சரியாக வருகிறது. ஸ்பெக்ட்ரத்தில் பார்த்தால் இருபுறமும் முள் முளைத்தது போல் இருக்கிறது. பழுதான பொருளா?

பதில்: பழுதல்ல தம்பி, திருப்பி அனுப்ப வேண்டாம். யூ-பிளாக்ஸ் 7, 8 வகை மாட்யூல்கள் 48 மெகாஹெர்ட்ஸ் உள் கிளாக்கிலிருந்து துடிப்பை உண்டாக்குகின்றன. 48 என்பது 10-ஆல் மீதியின்றி வகுபடாததால், மாட்யூல் உள் கிளாக்கின் நான்கு துடிப்புக்கு ஒரு முறையும் ஐந்து துடிப்புக்கு ஒரு முறையுமாக மாற்றி மாற்றி விளிம்பை வைத்துச் சராசரியைச் சரிக்கட்டுகிறது. ஒவ்வொரு தாவலும் ஏறக்குறைய 21 நானோ விநாடி. 8 மெகாஹெர்ட்ஸ் என்று அமைத்துப் பாருங்கள், முட்கள் வெகுவாகக் குறையும். 10-தான் வேண்டுமென்றால், சிறு கூட்டில் வெப்பம் மாறாமல் வைத்த ஓவன் கிரிஸ்டல் ஆஸிலேட்டர் ஒன்றை இந்த ஜி.பி.எஸ். துடிப்பைக் கொண்டு மெல்லத் திருத்தும் அமைப்பே சரியான வழி. நொடிக்கு நொடி சீர்மையை ஆஸிலேட்டரும் நாட்கணக்கில் துல்லியத்தை ஜி.பி.எஸ்.-உம் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். வெப்பத்தால் நகராத டி.சி.எக்ஸ்.ஓ. கிரிஸ்டல், பத்து லட்சத்தில் 1 பங்கு துல்லியம் என்று போட்டிருந்த ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற மலிவான ரேடியோ ஏற்பி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். சாதாரணக் கிரிஸ்டல் போலவே நகர்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: முதலில் சான்றைச் சேகரியுங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலுள்ள 2ஜி செல்பேசிக் கோபுரத்தின் அதிர்வெண் மிகத் துல்லியமானது. கேலிபிரேட் என்ற இலவச மென்பொருள் அதோடு ஒப்பிட்டு உங்கள் கருவியின் பிழையைச் சொல்லும். 1 பங்கு பிழை என்றால் அங்கே 900 ஹெர்ட்ஸ் விலகல். 20 பங்கு என்றால் 18 கிலோஹெர்ட்ஸ். கருவி குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பின் ஒரு முறையும் எடுத்து, திரையைப் படம்பிடித்து வையுங்கள். விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த விவரத்தையும் இன்றே சேமித்துவிடுங்கள், நாளை அது மாற்றப்படலாம்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரும் உரிமை உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பொருளின் உறையைப் பிரித்துக் கிரிஸ்டலைப் பார்க்க ஆவலாக இருக்கும், ஆனால் வழக்கு முடியும் வரை கழற்றாதீர்கள்.