வாசகர் கேள்வி – பதில்: குறும்படத்தின் முதல் 45 விநாடி

கேள்வி: உப்பளத்தில் வேலை செய்யும் பாட்டியையும் பேத்தியையும் பற்றி ஆறு நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றைக் கையால் வரைந்து உருவாக்கி வருகிறேன். சூரிய உதயம், பறவைகள், குழுவினர் பெயர்கள் என 45 விநாடித் தொடக்கம் வைத்திருக்கிறேன். பார்த்த நண்பர்கள் இழுவையாக இருக்கிறது என்கின்றனர். எதைக் குறைப்பது?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: ஆறு நிமிடப் படத்தில் 45 விநாடி என்பது எட்டில் ஒரு பங்கு. விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனி நிலைப்படம்) ஓடும் படத்தில், ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வரைந்தாலும், கதை தொடங்கும் முன்பே 540 ஓவியங்கள் தீர்ந்துவிடும். அத்தனை உழைப்பும் எந்தக் கதைக்கும் பொருந்தக்கூடிய ஓர் உதயத்துக்குப் போகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

1955-இல் வெளியான ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்கு அமெரிக்க வரைகலை வடிவமைப்பாளர் சால் பாஸ் அமைத்த டைட்டிலில், கருந்திரையில் வெண்பட்டைகள் மட்டுமே நகர்ந்து, இறுதியில் கோணலாக வளைந்த ஒரு கையாக உருக்கொள்ளும். நாயகன் போதை ஊசிக்கு அடிமையானவன் என்பதால், அந்தக் கை அவன் கதைக்கே உரியது. உங்கள் கதைக்கு அப்படி உரியது பாட்டி உப்பு வாரும் பலகை. இருண்ட திரையில் முதலில் அதன் ஓசையை மட்டும் ஒலிக்கவிடுங்கள். ஓர் இழுப்பில் வெள்ளைக் கோடு ஒன்று திரையின் குறுக்கே விரியட்டும். அடுத்த இழுப்பில் பாத்தியும் அதில் நிற்கும் பாட்டியின் பாதங்களும் தெரியட்டும். பதினைந்து விநாடிக்குள் இடமும் தொழிலும் ஆளும் வந்துவிடுவதோடு, படத்தின் பெயரையும் அந்தக் கோட்டின் மேலேயே அமர்த்திவிடலாம். குழுவினர் பெயர்கள் முடிவில் வந்தால் போதும்.

பெயர் தோன்றும்போது மற்ற அசைவுகளை நிறுத்திவையுங்கள், ஏனெனில் கண் எப்போதும் அசைவதையே தொடரும். நிதானமாக இருமுறை வாசிக்கும் நேரம் பெயர் திரையில் நிற்க வேண்டும். உப்பின் வெண்மை மேல் வெள்ளை எழுத்தை வைத்துவிட்டுப் பிறகு நிழல் சேர்த்துச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம். மென்பொருளில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றச் செய்தால் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து விழும் வாய்ப்பு உண்டு. ஆகவே பெயரைக் கையால் எழுதிப் படமாகச் சேர்த்து, இடமிருந்து வலமாக மறைப்பை விலக்கிக் காட்டுவதே பாதுகாப்பானது.

இவற்றில் எதையும் முழுதாக வரைவதற்கு முன், ஸ்டோரிபோர்டின், அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்த திட்டத்தின், கோட்டோவியங்களை ஒலியுடன் அடுக்கி அனிமேட்டிக் எனப்படும் முன்னோட்ட வடிவம் ஒன்றைத் தயாரித்து, கதை தெரியாத ஒருவருக்குக் கைப்பேசித் திரையில் காட்டுங்கள். பாட்டி என்ன வேலை செய்கிறார் என்பதை அவர் தாமாகச் சொல்லிவிட்டால் வரையத் தொடங்கலாம்.